தாங்கும் கையும் ஊன்றும் காலும்

பிறர் கையைப் பற்றாமல் நடக்கக் கற்ற மாந்தர் எவரும் இலர். தவழும் குழந்தை தாயின் விரலைப் பற்றி எழுகிறது. தந்தையின் முழங்காலைப் பிடித்து நிற்கிறது. சுவரையும் கட்டிலையும் துணையாகக் கொண்டு அடியெடுத்து வைக்கிறது. விழுந்தால் அழுகிறது; தூக்கினால் சிரிக்கிறது. தூக்கிய கைக்குத் தான் கடன்பட்டதாக அது எண்ணுவதில்லை. அக்குழந்தையே வளர்ந்து ஆளாகி, ஐம்பது ஆண்டுகள் தன் காலில் நின்ற பின் ஒரு நாள் விழ நேர்ந்தால், அதே கை நீளும்போது நாணுகிறது. ‘பிறரை நம்பி வாழும் நிலை வந்ததே’ என்று உள்ளம் குமைகிறது. குழந்தையிடம் இல்லாத இந்த நாணம் பெரியவரிடம் எங்கிருந்து வந்தது? பிறர் உதவி பெற்று எழுதல் ஒருவரின் பெருமைக்கு இழுக்காகுமா? உதவுவோர்தாம் எவ்வளவு தாங்க வேண்டும்? எப்போது கையை எடுக்க வேண்டும்? இவை ஏட்டில் மட்டும் எழும் வினாக்கள் அல்ல. எலும்பு முறிந்து, ஊன்றுகோலுடன் இயன்முறைச் சிகிச்சை நிலையத்தின் வாயிலில் காத்திருக்கும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினாக்களாகும்.

‘தன் கையே தனக்குதவி’ என்னும் பழமொழியைத் தமிழ்க் குழந்தைகள் இளமையிலேயே மனனம் செய்கின்றனர். ஈதலை உயர்த்தியும் இரத்தலைத் தாழ்த்தியும் பேசுதல் தமிழ் அறநூல்களின் பொது மரபு. திருக்குறளோ இப்பொருளை ஒரு பக்கம் மட்டும் நின்று நோக்கவில்லை. ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, கரவாது கொடுப்பாரிடம் கேட்டல் இழிவன்று என்னும் பக்கத்தைக் காட்டுகிறது. அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்து, மானமுடையார் கேட்பதற்கு அஞ்சும் பக்கத்தையும் காட்டுகிறது. ஆயினும், நோயுற்றவர் மருத்துவரை நாடுவது இவ்விரண்டனுள் எதிலும் அடங்குவதன்று. அதற்கு வள்ளுவர் ‘மருந்து’ என்னும் தனி அதிகாரம் வைத்தார். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து தொண்டு செய்பவர் என்பன அவை.

இப்பகுப்பில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நோயுற்றவர் மருத்துவத்தைப் பெறுபவராக வெளியே நிறுத்தப்படவில்லை. மருத்துவத்தின் ஒரு கூறாக, அதுவும் முதற்கூறாக, உள்ளே வைக்கப்பட்டிருக்கிறார். இரவலர்க்கு ஈவாரின் செயலில் பங்கில்லை. நீட்டிய கையில் விழுவதைப் பெற்றுச் செல்வதே அவர் செயல். நோயுற்றவர்க்கோ பங்குண்டு, பங்கு உண்டெனின் கடமையும் உண்டு. இவ்வுண்மை இயன்முறைச் சிகிச்சையில் விளங்குவது போல் வேறெங்கும் அத்துணைத் தெளிவாக விளங்குவதில்லை.

வீழ்ந்த ஒருவர்

மலேசியச் சிற்றூர் எதிலும் காணக்கூடிய ஒருவரைக் கருத்தில் கொள்க. பால்மரம் சீவிய பெற்றோர்க்குத் தோட்ட லயத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்கு விற்கப்பட்ட பின் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தவர். தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டு உழைத்தவர். அகவை ஐம்பத்தேழு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கையில், மழையில் நனைந்த சாலை வளைவில் சறுக்கி விழுகிறார். வலக்காலின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. அறுவைச் சிகிச்சையில் தகடும் திருகாணிகளும் பொருத்தப்படுகின்றன. ‘ஆறு வாரம் அக்காலை ஊன்றலாகாது, அதன் பின் இயன்முறைச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்’ என்று மருத்துவர் பணித்து வீட்டுக்கு அனுப்புகிறார்.

உண்மையான துன்பம் அதன் பிறகே தொடங்குகிறது. குளிப்பதற்கு மனைவி துணை வேண்டும். கழிவறைக்குச் செல்ல மகன் தோள் வேண்டும். மகளின் சம்பளத்தில் அடுப்பு எரிய வேண்டும். எலும்பு முறிந்த வலியைப் பொறுத்தவர் இவற்றைப் பொறுக்க இயலாமல் தவிக்கிறார். தம்மைக் காண வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் கூசுகிறார். வீட்டாரோ அன்பின் மிகுதியால் அவரை அசையவிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்று அவர் நினைக்கும் முன் கோப்பை வருகிறது; தட்டு மடிக்கு வருகிறது. ‘அப்பா, நீங்கள் எழ வேண்டாம்’ என்பதே அவ்வீட்டின் அன்றாட வாசகம் ஆகிவிடுகிறது.

ஆறு வாரம் கழிகிறது. சிகிச்சை நிலையத்திற்குச் செல்லலாம் என்று மகள் அழைக்கையில் அவர் சினந்து மறுக்கிறார். ‘வலிக்கிற காலைப் பிடித்து இழுப்பதற்கு ஒருவர், அதற்கு ஓர் இடமா?’ என்கிறார். அச்சினத்தின் அடியில் இருப்பது அச்சமும் நாணமுமே. தளர்ந்து மெலிந்த தம் காலை அயலார் ஒருவர் கண்ணெதிரே நீட்ட வேண்டும். குழந்தைபோல் நடை பழக வேண்டும். இதனை எண்ணியே அவர் மறுக்கிறார். இறுதியில் அவரை இணங்க வைப்பது யாருடைய அறிவுரையும் அன்று. அடுத்த தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். மணவறையில் அமர்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தாம் என்னும் எண்ணம் அவரை எழுப்பிவிடுகிறது.

உடல் கூறும் அறம்

உடலின் இயல்பை அறிந்தோர்க்கு, அவ்வீட்டாரின் அன்பு ஒரு வகையில் தீங்காய் முடிந்தமை எளிதில் விளங்கும். பயன்படுத்தாத தசை தங்குவதில்லை. சில வாரங்கள் அசையாதிருந்த கால், அளவெடுத்துப் பார்க்கத் தேவையின்றிக் கண்ணுக்கே மெலிந்து தெரியும். அசையாத மூட்டு இறுகிவிடும். அதைச் சூழ்ந்த சவ்வுகளும் தசைநார்களும் சுருங்கிவிடும். முறிந்த எலும்பு முதலில் குருதி உறைந்து, பின் மென்மையான இணைப்பாகி, பின் கெட்டியாகி, மாதங்கள் பல கடந்து தன் பழைய வடிவை நாடும். இந்த இறுதி வேலையை எலும்பு தானாகச் செய்து முடிப்பதில்லை. தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பவே எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்னும் கருத்தை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892 ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். சுமை ஏறினால் எலும்பு உறுதி பெறும். சுமை நீங்கினால் அது நலியும். விண்வெளியில் எடையற்று மிதந்து திரும்புவோரின் எலும்பு வலுக் குறைந்திருத்தலும் இதனாலேயே.

எனவே, ‘காலுக்குச் சுமை தராதீர்’ என்பது முதற் சில வாரங்களுக்கு அன்பு; அதே சொல் அதற்குப் பின் அன்பின் தோற்றம் கொண்ட தீங்கு. காலம் மாறினால் அறமும் வடிவம் மாறும். எது என்றும் ஒன்றேயென்றால், நோயுற்றவரின் நன்மையே எல்லாச் செயலுக்கும் அளவுகோல் என்பதுதான். தாங்குவோரின் மனநிறைவு அதற்கு அளவுகோல் ஆகாது. தாங்குதல் இனிது, தாங்கப்படுபவர் தம்மை நம்பியிருத்தல் அதனினும் இனிது. இவ்வினிமையில் மயங்கி, எழக்கூடியவரை எழாமல் வைத்திருக்கும் அன்பு உலகில் உண்டு. அவ்வன்பைத் தீயது என்று கூறுதல் மிகை. விழிப்பற்றது என்று கூறுதல் தகும்.

சிகிச்சை நிலையத்தில்

சிற்றூர்க் கடைவரிசையில் இருக்கும் அந்நிலையத்தில் காண்பதற்கு வியப்பான கருவிகள் இல்லை. மெத்தை விரித்த சில மேசைகள், இடுப்புயரத்தில் இரண்டு இணைக்கம்பிகள், மூன்று படிகள் கொண்ட மரப்படிக்கட்டு, பல வண்ண ரப்பர்ப் பட்டைகள், வீட்டில் எடை பார்க்கும் சிறு பொறி ஆகியவையே அங்குள்ளன. சிகிச்சையாளர் இளம் மலாய்ப் பெண். பெரியவரின் மகள் வயதினர். வந்தவரை அவர் உடனே மேசையில் கிடத்திவிடுவதில்லை. என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்; எது செய்ய முடியவில்லை என்று கேட்கிறார்; எதைச் செய்ய விருப்பம் என்று கேட்கிறார். திருமணத்தில் தரையில் அமர வேண்டும் என்று பெரியவர் தயங்கிக் கூறுகிறார். அவர் அதைச் சிரிக்காமல் குறித்துக்கொள்கிறார். அன்று முதல் அச்சிகிச்சையின் இலக்கு அதுவாகிறது.

கோணமானியை வைத்து முழங்கால் மடங்கும் அளவு பார்க்கப்படுகிறது. முதல் நாள் 45 பாகை. ஒழுங்காக நடப்பதற்கு ஏறத்தாழ 60 பாகை வேண்டும்; நாற்காலியை விட்டு எழவும் படியேறவும் 90 பாகையோ அதற்குச் சற்று மேலோ வேண்டும்; குந்தவும் சம்மணமிடவும் அதனினும் மிகுதியாக வேண்டும். இவ்வெண்களைக் கேட்டதும் பெரியவர்க்குத் தம் நிலை முதன்முறையாக விளங்குகிறது. ‘கால் போய்விட்டது’ என்னும் எல்லையற்ற துயரம், ‘இன்னும் பதினைந்து பாகை’ என்னும் எல்லையுள்ள வேலையாக மாறுகிறது. துயரத்தை வேலையாக மாற்றித் தருதல் எத்துணைப் பெரிய உதவி!

பின்னர் பயிற்சி. தொடைத்தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல். குதிகாலை மெத்தையில் இழுத்து முழங்காலை மடக்குதல். ரப்பர்ப் பட்டையை மாட்டிக் காலை நீட்டுதல். பால்மரத் தோட்டத்தில் பிறந்த கால் ரப்பரோடு மல்லுக்கட்டுகிறது. எடைபொறியின் மேல் நொந்த காலை வைத்து, மருத்துவர் இசைந்த அளவுக்கு மேல் முள் ஏறாதபடி ஊன்றப் பழகுகிறார். படியேறும்போது நலமான கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே என்று கற்கிறார். பத்து முறை மடக்கிக் களைத்தவரிடம், ‘சத்து லாகி, அங்கிள்’ என்கிறார் சிகிச்சையாளர். ‘இன்னும் ஒன்று’ என்பது அதன் பொருள். அந்த ஒன்றைச் சிகிச்சையாளரால் செய்து தர முடியாது, மனைவியால் முடியாது, பெற்ற மகனாலும் முடியாது. செல்வத்தால் வாங்கவும் இயலாது. பெரியவரே மடக்க வேண்டும். உலகில் பகிர்ந்துகொள்ள முடியாத உழைப்பு ஒன்று உண்டெனின் அது இதுவே.

வலியையும் அவர் அங்கே புதிதாகப் படிக்கிறார். எல்லா வலியும் பகையன்று. எல்லா வலியும் நட்புமன்று. பயிற்சியின்போது இழுத்துப் பிடித்து, ஓய்ந்ததும் தணியும் வலி தசை விழிக்கும் வலி. நேரம் செல்லச் செல்ல வளர்ந்து, மூட்டு வீங்கி, மறுநாளும் நீடிக்கும் வலி எச்சரிக்கை. கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓர் இரவு, விரைவில் நலமடையும் ஆசையால், பத்துக்குப் பதில் முப்பது முறை பயிற்சி செய்து மூட்டு வீங்கி மூன்று நாள் படுத்தார் பெரியவர். சோம்பல் குற்றம் என்பதை எல்லாரும் அறிவர். பொறுமையின்மையும் குற்றமே என்பதை அவ்வீக்கம் அவர்க்கு உணர்த்தியது. வலிக்கு அஞ்சி ஓடுவதும் வலியை மதியாது மோதுவதும் வேறு வேறு குணங்களாகத் தோன்றினும், உடலின் சொல்லுக்குச் செவி கொடாமை இரண்டற்கும் பொது.

நாள் செல்லச் செல்ல ஒரு மாறுதல் நிகழ்கிறது. முதல் வாரத்தில் சிகிச்சையாளர் இரு கையாலும் தாங்கினார். பின் ஒரு கை. பின் இடுப்புக்கு அருகே தொடாமல் நிற்கும் கை. இறுதியில் அறையின் மறுமுனையில் நின்று பார்த்திருந்தார். ஊன்றுகோல் இரண்டு ஒன்றாயிற்று, ஒன்று கைத்தடியாயிற்று, கைத்தடியும் சுவரில் சாய்ந்தது. தம் உதவி தேவைப்படாத நாளை நோக்கியே உதவுபவர் உழைத்தார். இயன்முறைச் சிகிச்சையின் அறம் முழுவதும் இதில் அடங்கும். தன்னைத் தேவையற்றதாக்கிக்கொள்ளும் உதவியே முழுமையான உதவி.

கொடையா, உரிமையா?

இச்சிகிச்சையைப் பெற்றதால் பெரியவர் யாருக்குக் கடன்பட்டார்? இவ்வினாவுக்கு நாட்டின் சட்டமும் ஒரு விடை கூறுகிறது. மலேசியாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது; அதனைச் செயற்படுத்த 1971 ஆம் ஆண்டில் சொக்சோ எனப்படும் அமைப்பு தோன்றியது. வேலையிடத்தில் நேரும் விபத்து மட்டுமன்றி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் அடங்கும். மீள்வதற்கான சிகிச்சையும் அதன் பயன்களுள் ஒன்று. 2014 ஆம் ஆண்டில் மலாக்காவில் சொக்சோவின் புனர்வாழ்வு மையம் செயற்படத் தொடங்கியது. ஆண்டுக் கணக்கில் தொழிலாளர் பெயரால் மாதந்தோறும் செலுத்தப்பட்ட சந்தாவே விழுந்த நாளில் கையாக நீள்கிறது. அக்கையைப் பற்றுவது இரவாகாது. முன்பு தாமும் பிறரும் சேர்த்து வைத்ததைத் தேவையான நேரத்தில் பெறுதலே அது. விழாதவர்களும் செலுத்தினர், விழுந்தவர் பெற்றார். நாளை வேறொருவர் விழலாம். எவர் விழுவார் என்று எவரும் அறியாத உலகில் எல்லாரும் சேர்ந்து இடும் பாலம் அது.

ஆயினும் இவ்வுரிமையைத் தம் நாணத்தாலோ அறியாமையாலோ கோராமல் விடுவோர் உள்ளனர். படிவம் நிரப்பத் தெரியாமல் அஞ்சுவோரும், ‘நமக்கு எதற்கு’ என்று ஒதுங்குவோரும் தமிழரிடையே இல்லையென்று கூறுவதற்கில்லை. எண்ணெய் தடவி உருவிவிட்டால் போதும் என்று முறிந்த காலோடு நாள் கடத்துவோரும் உண்டு. சுளுக்குக்கு இதமளிக்கும் கை, முறிவில் பட்டால் தீங்கு செய்யக்கூடும். இயன்முறைச் சிகிச்சை தனிக்கல்வி கற்றோர் செய்யும் தொழில் என்பதை உணர்த்தும் வகையில், அத்தொழிலோரையும் உள்ளடக்கிய சட்டம் 2016 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. உரிமையை அறிதலும் அறிவித்தலும் கற்றோர் கடன்.

சட்டம் சிகிச்சையின் செலவை ஈடு செய்யும். சிகிச்சையாளரின் பொறுமையை ஈடு செய்யுமா? வயது முதிர்ந்த ஒருவரின் நாணத்தைக் காத்து, அவர் சினந்தபோது சினவாது, ‘இன்னும் ஒன்று’ என்று புன்னகையுடன் கேட்ட அப்பண்புக்கு விலை ஏது? அதற்குரிய நன்றி பணமன்று. பழமும் இனிப்பும்கூட அன்று. அவர் வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை எவரும் காணாத இடத்தில் ஒழுங்காகச் செய்தலே அந்நன்றி. உதவி செய்தவர் விரும்பிய பயனை விளைவித்துக் காட்டுவதினும் சிறந்த கைம்மாறு இல்லை.

வரலாறு காட்டும் வழி

இக்கருத்து ஒரே நாளில் தோன்றியதன்று. 1813 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, உடலசைவை மருத்துவத்துக்கும் பயன்படுத்தினார். 1894 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாதியர் நால்வர் சேர்ந்து இத்தொழிலுக்கு ஒழுங்கும் மதிப்பும் தேடி ஒரு சங்கம் அமைத்தனர். உலகப் போர்களில் உறுப்பிழந்தோர் ஆயிரக்கணக்கில் திரும்பியபோது இத்துறை விரைந்து வளர்ந்தது.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரையின் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனவர்கள், படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் நெடுநாள் வாழமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்த காலம் அது. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 ஆம் ஆண்டில் இங்கிலாந்தை அடைந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் அத்தகையோர்க்கான பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவர் நோயாளர்மீது இரக்கம் மட்டும் காட்டியிருந்தால் அவர்கள் இனிதாக இறந்திருப்பர். அவரோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார்; எழுந்து அமரச் செய்தார்; கைத்தொழில் கற்பித்தார்; விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அம்மருத்துவமனை வளாகத்தில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்று உலகறிந்த பாராலிம்பிக் விளையாட்டுகளின் ஊற்று அதுவே. ‘உன்னால் இயலாது’ என்னும் இரக்கத்தினும் ‘உன்னால் இயன்றதைச் செய்’ என்னும் கண்டிப்பு மதிப்பு மிக்கதென்பதை அப்பதினாறு வில்லும் உலகுக்கு உணர்த்தின.

மீளாதவர் தோற்றவரா?

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. முயற்சியின் பெருமையைப் பேசுவோர் எளிதில் ஒரு பிழை செய்வர். முயன்றவர் எல்லாரும் முழுமையாக மீள்வர். மீளாதவர் முயலாதவர் என்பதே அப்பிழை. உடல் அத்துணை நேர்மையான கணக்கன் அன்று. ஒரே காயம், ஒரே சிகிச்சை, ஒரே உழைப்பு. எனினும் இருவர்க்கு இரு விளைவு. முறிந்த வகை, வயது, நீரிழிவு போன்ற நோய், காயத்தின் ஆழம் எனப் பல காரணங்கள் மனித முயற்சிக்கு வெளியே உள்ளன. குட்மனிடம் வந்தோரின் கால்கள் அவர்க்குப் பின்னும் நடக்கவில்லை. அவர்கள் வென்றது தங்கள் காயத்தையன்று. காயம் விதித்த வாழ்வை.

பெரியவரின் கதையும் அவ்வாறே முடிகிறது. தை மாதத்துக்குள் முழங்கால் 110 பாகை மடங்கியது. நடை சீராயிற்று, படியேறினார், வேலைக்கும் திரும்பினார். சம்மணமிட்டு அமர மட்டும் இயலவில்லை. மணநாள் காலையில், மணவறையில் அவர்க்கென ஒரு தாழ்ந்த முக்காலி போடப்பட்டது. அதில் அமர்ந்தே மகள் கையைப் பற்றித் தாரை வார்த்தார். ஓராண்டுக்கு முன்பாயின் அம்முக்காலியை அவமானமென்று எண்ணியிருப்பார். அன்று அதில் நிமிர்ந்து அமர்ந்தார். 45 பாகையிலிருந்து அவ்விடம் வரை வந்த தொலைவை அவர் அறிவார். எஞ்சிய தொலைவு தம் குற்றமன்று என்பதையும் அறிவார். உழைப்பு தம் கடமை, விளைவு தம் கையில் முழுதும் இல்லை என்னும் இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றலே நோயுற்றவர்க்குரிய தெளிவு. முன்னதை மட்டும் ஏற்றால் செருக்கோ தன்வெறுப்போ வரும். பின்னதை மட்டும் ஏற்றால் சோர்வு வரும்.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இச்சிகிச்சை நிலையம் ஆசிரியர்க்கு அயலான இடம் அன்று. சிகிச்சையாளர் செய்தது முழுவதும் கற்பித்தலே. மாணவரின் நிலையறிந்து தொடங்குதல், அவர் இலக்கைத் தம் இலக்காக்கிக்கொள்ளல், பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல், தாங்கும் கையைச் சிறிது சிறிதாக விலக்கல் என்பன ஆசிரியப் பயிற்சியிலும் ஓதப்படுவன அன்றோ? கட்டடம் எழும்வரை அதனைச் சூழ்ந்து நிற்கும் சாரத்தை உவமையாக்கி, உட், புரூனர், ராஸ் ஆகிய மூவர் 1976 ஆம் ஆண்டில் இக்கருத்தைக் கல்வியுலகில் நிலைநாட்டினர். சாரமின்றிச் சுவர் எழாது. சுவர் எழுந்த பின்னும் சாரத்தைப் பிரிக்காதிருந்தால் அவ்வீட்டில் எவரும் குடியேற இயலாது.

தேர்வில் மாணவர் தோற்றுவிடுவரோ என்னும் அச்சத்தால் கட்டுரையைத் தாமே எழுதிக் கொடுத்து மனனம் செய்விக்கும் ஆசிரியர், ‘அப்பா, நீங்கள் எழ வேண்டாம்’ என்ற அன்புள்ள வீட்டாருக்கு ஒப்பானவர். அவர் நோக்கம் நல்லது. விளைவோ மெலிந்த கால். சுமை தாங்காத எலும்பு நலிவது போலவே, சிந்தனை ஏற்றப்படாத அறிவும் நலியும். அதற்கு மாறாக, ‘நானாகக் கற்கட்டும்’ என்று முதல் நாளே கையை எடுத்துவிடும் ஆசிரியர், ஆறு வாரம் முடியுமுன் முறிந்த காலை ஊன்றச் சொல்பவர்க்கு ஒப்பானவர். எப்போது தாங்குவது, எப்போது விடுவது என்பதை எந்தப் பாடத்திட்டமும் நாள் குறித்துச் சொல்லாது. எதிரே நிற்கும் மாணவரை நாள்தோறும் உற்று நோக்கியே அதனை அறிதல் வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. தெரியாததைத் தெரியாதென்று கூறி உதவி கேட்டல் இழிவன்று. கேட்டுப் பெற்ற பின் தன் பங்கு உழைப்பைச் செய்யாமையே இழிவு. கேட்கக் கூசி வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையும், சிகிச்சைக்கு மறுத்த பெரியவரும் ஒரே நாணத்தால் கட்டுண்டவர்கள். அந்நாணத்தை அவிழ்க்கும் வழியும் ஒன்றே. ‘இந்த வேலையில் உனக்கும் பங்குண்டு, முதற்பங்கே உன்னுடையது’ என்று அவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

‘தன் கையே தனக்குதவி’ என்னும் பழமொழி பொய்யன்று. அது பிறர் கையை விலக்கச் சொல்லவில்லை. பிறர் கை எவ்வளவு நீண்டாலும், எழுவதற்கு இறுதியில் தன் காலே ஊன்ற வேண்டும் என்று நினைவூட்டுகிறது. தாங்கும் கைக்கு உரிய பெருமை உரிய நேரத்தில் விலகுவதில் உள்ளது; ஊன்றும் காலுக்கு உரிய பெருமை தாங்கிய கையை மறவாதிருப்பதில் உள்ளது. மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின்னரும், அப்பெரியவர் சில சனிக்கிழமைகளில் அச்சிகிச்சை நிலையத்திற்குச் செல்வதுண்டு. அங்கே புதிதாய் விழுந்து, முகம் வாடி, இணைக்கம்பியைத் தொடவும் அஞ்சி நிற்கும் யாரேனும் ஒருவர் அருகில் அமர்ந்து, தம் முழங்காலை மடக்கிக் காட்டுகிறார். அவர்க்கு மலாய் மொழி சிறிதே வரும். அதனால் அறிந்த இரண்டு சொல்லை மட்டும் கூறுகிறார்: ‘சத்து லாகி.’